மவாஷி கேரியும் திரும்பாத குதிகாலும்

நேற்று சாயங்காலம் என் மவாஷி கேரி (கராத்தேயில் காலைப் பக்கவாட்டில் சுழற்றி அடிக்கும் உதை) முதல்முறையாக உதைப் பையில் 'தொம்' என்று இறங்கியது. வலது காலில் மட்டும்தான், அதுவும் இருபதுக்கு ஏழு. மூன்று மாதமாக 'சப்' என்ற சத்தத்தையே கேட்டவனுக்கு இதுவே தீபாவளி.

மாஸ்டர் "குதிகால், குதிகால்" என்று கத்தும்போதெல்லாம் உதைக்கிற காலைச் சொல்கிறார் என்று நினைத்து, அதை இன்னும் பின்னால் ஒட்டி மடக்கிக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது தரையில் நிற்கிற காலை! செல்போனைச் செங்கல்லில் சாய்த்து வீடியோ எடுத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. இடுப்பு திரும்புகிறது, தோள் திரும்புகிறது, ஊன்றிய பாதம் மட்டும் பையையே முறைத்துக்கொண்டு அப்படியே நிற்கிறது. பாதம் திரும்பாவிட்டால் இடுப்பு பாதியில் பூட்டிக்கொள்ளும், மிச்சத் திருகல் முழுக்க முழங்காலுக்குப் போகும். மாடிப்படி இறங்கும்போது முட்டியின் உள்பக்கம் சுருக்கென்று குத்தியதற்கு நான் பாவம் வயதைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் இரண்டு வாரம் உதையே கிடையாது. சாக்பீஸால் பையை நோக்கி ஒரு கோடு, கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை நூலளவு தூக்கி, முன்பாதத்தில் சுழன்று, குதிகால் பையைப் பார்க்கும்வரை திருப்புவது. தினம் ஐம்பது. மொட்டை மாடி சிமெண்டில் வெறுங்காலோடு செய்து தோல் உரிந்தது, சாக்ஸ் போட்டால் வழுக்கியது, கடைசியில் முன்பாதத்துக்கு மட்டும் பிளாஸ்திரி சுற்றியதுதான் சரிப்பட்டது. இப்போது காலைத் தூக்கும் முன்பே பாதத்தைப் பாதி திருப்பி வைத்துவிடுகிறேன். குமிட்டேயில், அதாவது எதிராளியோடு மோதும்போது, இது எதிராளிக்குக் காட்டிக்கொடுத்துவிடும், தெரியும். என் எதிராளி இப்போதைக்குப் பைதானே.

பை வேறு ஒரு கதை. கடையில் மணல் நிரப்பித் தந்தார்கள், ஒரே வாரத்தில் அடிப்பாகம் கல். கொட்டிவிட்டு டெய்லர் கடை வெட்டுத்துணியை இறுக்கி அடைத்தேன். மணல் பை வாங்காதீர்கள்.

கட்டா (தனியாகச் செய்யும் வரிசையான அசைவுகள்) பழகினால் இந்த உதை தானாக வந்துவிடும் என்று நினைத்தது இன்னொரு முட்டாள்தனம். ஆரம்பக் கட்டாக்களான ஹெயான் ஐந்திலும் மவாஷி கிடையாது. ஷோட்டோகான் என்ற கராத்தே பாணியின் 26 கட்டாக்களில் உன்சு என்ற ஒன்றில்தான் வருகிறது, அதுவும் தரையில் விழுந்தபடி. போட்டியிலோ தலைக்குப் பட்டால் 3 புள்ளி, அதனால் வகுப்பில் பொடிசுகள் எல்லாம் இதையே உதைத்துத் தள்ளுகின்றன.

இடது கால் இன்னும் பழைய 'சப்'தான். ஆனாலும் பையை ஒரு அடி உயர்த்திக் கட்டக் கயிறு வாங்கி வைத்துவிட்டேன்.