ஐஸ் வாளியில் கிடந்த மெர்சோ

வாளியிலிருந்து எடுத்து நேராக ஊற்றிய மெர்சோ, பிரான்சின் பர்கண்டி பகுதியில் அதே பெயருள்ள ஊரின் வெள்ளை ஒயின். கிளாஸில் மூக்கை வைத்தால் வாசனையே இல்லை.

கால் மணி நேரம் கிளாஸிலேயே விட்டதும் வறுத்த ஹேசல்நட், வெண்ணெய், பழுத்த பியர் என்று ஒவ்வொன்றாக வந்தன.

வெள்ளை ஒயின் என்றாலே ஜில்லென்று இருக்கணும் என்கிற பழக்கம் நல்ல பாட்டில்களைப் பாழாக்குகிறது. 5 டிகிரிக்கு இறங்கினால் வாசனை மேலெழாது, நாக்கில் புளிப்புதான் நிற்கும். மெர்சோவுக்கு 12, 13 டிகிரி. இன்னொரு வெள்ளை ஒயினான ஷாப்லிக்கு 10 போதும்.

இவை இரண்டையும் அருகருகே வைத்துச் சுவைத்துப் பாருங்கள். இரண்டும் பர்கண்டி, இரண்டும் ஷார்டனே திராட்சை.

ஷாப்லி வடக்கே, குளிர் அதிகம். பெரும்பாலும் ஸ்டீல் தொட்டியில் வைப்பார்கள். எலுமிச்சை, பச்சை ஆப்பிள், நனைந்த சுண்ணாம்புக்கல். மெர்சோ 228 லிட்டர் ஓக் பீப்பாயில், அடியில் படிந்த ஈஸ்ட்டோடு மாதக்கணக்கில் கிடக்கும். அதன் கனம் அங்கிருந்துதான்.

ஒரே மாதிரி கிளாஸ், ஆளுக்கு 50 மில்லி. முதலில் அசைக்காமல் முகருங்கள், பிறகு சுழற்றி. ஷாப்லிதான் முதலில். மாற்றிக் குடித்தால் பாவம், அது வெறும் புளித்தண்ணீராகத் தெரியும்.

சிவப்பில் தப்பு நேரெதிர். மெர்சோவுக்குப் பக்கத்து ஊர் வோல்னே. அங்கத்திய பினோ நுவார் திராட்சையின் சிவப்பு ஒயினை 25 டிகிரியில் ஊற்றினால் ஆல்கஹால் நெடி ஏறி செர்ரி வாசனையை அமுக்கிவிடும். ஐஸும் தண்ணீரும் கலந்த வாளியில் பத்து நிமிடம் வையுங்கள், 15, 16 டிகிரிக்கு வந்துவிடும். அதற்கும் கீழே போனால் திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வரும் டானினின் துவர்ப்பு ஈறில் ஒட்டும். கபர்னே சோவின்யோன் திராட்சை மிகுந்த, பிரான்சின் போர்தோ பகுதி போயாக் ஒயினில் அது இன்னும் கடுமை, அதற்கு 17, 18 வையுங்கள்.