கோயில் காணியும் மைல் எண்ட் வீடும்

லண்டனில், ஈஸ்ட் ஹாமில் எங்கள் முதல் வீடு உண்மையில் ஒரு மேல்மாடி அறை. மனைவி, நான், இரண்டு பிள்ளைகள். குசினி இன்னும் இரண்டு குடும்பங்களுக்கும் பொது. கட்டில் தலைமாட்டுச் சுவரில் கறுப்பாகப் பூஞ்சணம் படரும். சனிக்கிழமை ப்ளீச் போட்டுத் துடைத்தால் அடுத்த சனிக்குத் திரும்ப வந்து நிற்கும். வீட்டுக்காரரிடம் முறையிட்டால், "யன்னலைத் திறந்து விடும் தம்பி" என்பார். சனவரி மாதத்தில்! அவரும் எங்கட ஆள்தான்.

பிள்ளைகள் படித்தது கத்தோலிக்கப் பள்ளிக்கூடம். அங்கே ஒரு நாள் ஒரு பெண் வந்து, அரை மணித்தியாலம் கதைக்கலாமா என்று கேட்டாள். மதம் மாற்றப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். சைவக்காரருக்கு அந்தப் பயம் கொஞ்சம் அதிகம். யேசுவைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. "எதை நினைத்தால் உங்களுக்குக் கோபம் வரும்?" என்று மட்டும் கேட்டாள். பூஞ்சணத்தில் தொடங்கி வாடகையில் வந்து நின்றேன். முக்கால் மணித்தியாலம் போயிருந்தது.

அவள் சிட்டிசன்ஸ் அமைப்பின் ஆள். 1996இல் கிழக்கு லண்டனில் தொடங்கியது. தனி ஆட்களைச் சேர்ப்பதில்லை. தேவாலயம், பள்ளிவாசல், பள்ளிக்கூடம் என்று நிறுவனங்கள்தான் சந்தா கட்டிச் சேரும். 1930களின் கடைசியில் சிக்காகோவில் சோல் அலின்ஸ்கி என்ற சமூக அமைப்பாளர் தேவாலயங்களையும் தொழிற்சங்கத்தையும் ஒன்றாக இருத்திய வழி அது. தொழுகைக்கும் பூசைக்கும் வருகிற சனம் ஏற்கெனவே ஒன்றாக இருக்கிறது, அதை வைத்தே அதிகாரத்தில் இருப்பவர்களோடு பேசலாம் என்பது கணக்கு.

2016 ஏப்ரலில், லண்டன் மேயர் தேர்தலுக்கு ஒரு கிழமை முந்தி, ஒலிம்பிக் பூங்காவில் உள்ள கொப்பர் பொக்ஸ் அரங்கில் கூட்டம். ஏறக்குறைய 6,000 பேர். வேட்பாளர்கள் சாதிக் கானும் சாக் கோல்ட்ஸ்மித்தும் மேடையில். எங்கட கூட்டங்களில் வரவேற்புரையே முக்கால் மணித்தியாலம் ஓடும். இங்கே பேச்சுக்கு நிமிடக் கணக்கு. எனக்குப் பக்கத்தில் ஒரு நைஜீரிய அம்மா, அவவுக்கு அப்பால் முக்காடு போட்ட சோமாலியப் பிள்ளை. கோரிக்கைகளில் ஒன்று சமூகக் காணி அறக்கட்டளை வீடுகள்.

அது என்னவென்று விளங்க எனக்கு நாள் எடுத்தது. நிலம் என்றைக்கும் அறக்கட்டளையின் கையில். வீட்டை வாங்குகிறவர் நீண்டகாலக் குத்தகையில் இருக்கலாம்; விற்கும்போது சந்தை விலைக்கு விற்க முடியாது. அந்தப் பகுதியின் சராசரிச் சம்பளத்தை வைத்துத்தான் விலை. ஆங்கிலத்தில் பத்துத் தரம் கேட்டும் மண்டையில் ஏறவில்லை. பிறகு ஊர் ஞாபகம் வந்தது. கோயில் வீதியில் எங்கட பெரியம்மா இருந்தது கோயில் காணியில். காணி கோயிலுக்கு, கட்டிய வீடு அவவுக்கு. "காணியை விக்கேலாது, அதனாலதான் நாங்கள் இன்னும் இஞ்ச இருக்கிறம்" என்பா.

மைல் எண்டில் செயின்ற் கிளெமென்ற்ஸ் என்று ஒரு பழைய கட்டடம். முதலில் ஏழைகளுக்கான வேலைமனை, பிறகு மனநல ஆஸ்பத்திரி; 2005இல் மூடினார்கள். அதைக் குடியிருப்பாக மாற்றியபோது, 252 வீடுகளில் 23 இப்படியான ஒரு காணி அறக்கட்டளைக்கு வந்தன. ஒரு அறை வீடு சுமார் 1,30,000 பவுண். அதே வளவில் சந்தைக்குப் போன வீடுகளோ நாலு லட்சத்துக்கு மேல். பல வருடக் கூட்டங்கள், ஊர்வலங்களுக்குப் பிறகு கிடைத்தது 23. குறைவுதான், மறுக்கவில்லை. எங்களுக்கு அதுகூட இல்லை. அவை மைல் எண்ட் இருக்கும் டவர் ஹாம்லெட்ஸ் நகரசபைப் பகுதிக்காரருக்கு, நாங்கள் பக்கத்து நியூஹாம். இப்போது இருப்பதும் வாடகை வீடுதான். ஆனால் குசினி எங்களுடையது.

நான் போகும் கோயிலில் இதைச் சொல்லிப் பார்த்தேன். தேருக்கு றோட்டை அடைத்து வரும் சனத்தில் நூறு பேர் ஒரு பின்னேரம் வந்தால் போதும் என்றேன். நிர்வாகத்தில் இருந்த அண்ணை கடலைத் தட்டை என் பக்கம் தள்ளினார். "தம்பி, அது அரசியல். கோயிலை அதுக்குள்ள இழுக்கக் கூடாது."

எழும்பி வாசல் மட்டும் வந்துவிட்டேன். பின்னால் கூப்பிட்டார்.

"உந்த வீடுகளுக்குப் பெயர் எங்க குடுக்கிறது? மகனுக்கு ஒண்டு பாக்கோணும்."