பெரிகோரில் பெரியப்பாவின் மூலப்பிரதி வேட்டை

பிரான்சின் தென்மேற்கில், தொர்தோஞ் ஆறும் வெசேர் ஆறும் சுண்ணாம்புக் குன்றுகளை அறுத்துக்கொண்டு ஓடுகின்ற பெரிகோர் என்னும் நாட்டுப்புறத்துக்கு யாரை வேண்டுமானாலும் கூட்டிப்போகலாம். வாழ்நாள் முழுவதும் காணிப் பதிவகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரைக் கூட்டிப்போவதாக இருந்தால் மட்டும் ஒன்றுக்கு இரண்டு முறை யோசிப்பது நல்லது. என் பெரியப்பா யாழ்ப்பாணத்தில் காணி உறுதிகளுக்கு நடுவே தலை நரைத்தவர். எது மூலம், எது பிரதி, எது பிரதி என்ற பெயரில் உலவுகின்ற பித்தலாட்டம் என்பதைத் தாளைத் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவார் என்று குடும்பத்தில் ஒரு பெருமை உண்டு. பாரிசில் எங்களோடு தங்கியிருந்தபோது ஐஃபிள் கோபுரத்தையும் லா சப்பல் கடைத்தெருவையும் பார்த்து முடித்தவர், "இந்த நாட்டிலை கிராமம் எண்டு ஒண்டும் இல்லையோ தம்பி?" என்று கேட்டதன் விளைவாக, கட்டுச்சாதமும் கட்டுச்சம்பலும் சகிதம் நாங்கள் ஏ20 நெடுஞ்சாலையில் தெற்கு நோக்கிப் புறப்பட்டோம்.

முதற் சோதனை, ஆதிமனிதர் தீட்டிய குகை ஓவியங்களுக்குப் பேர்போன லஸ்கோவில் காத்திருந்தது. 1940 செப்டம்பர் 12 அன்று, மொந்தினியாக் ஊரைச் சேர்ந்த மர்செல் ரவிதா என்ற இளைஞரும் அவருடைய மூன்று நண்பர்களும் ஒரு குழியை அகலமாக்கிச் சறுக்கி இறங்கியபோது, பதினேழாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக யாரும் பார்த்திராத காளைகளும் குதிரைகளும் விளக்கொளியில் தெரிந்த கதையை நான் வண்டியிலேயே விரிவாகச் சொல்லி, பெரியப்பாவின் ஆவலைக் கிளப்பி வைத்திருந்தேன். குன்றின் அடிவாரத்தில் நீண்டு கிடந்த அந்த நவீனக் கட்டடத்துக்குள் நுழைந்து, குளிராக வைக்கப்பட்ட இருட்டறையில் தலையை நிமிர்த்தி, ஐந்து மீட்டருக்கும் மேல் நீளமான அந்தப் பெருங்காளையைக் கண்டதும் அவர் கைகூப்பாத குறைதான். உடம்பைப் பக்கவாட்டாக வரைந்துவிட்டு, கொம்புகளை மட்டும் நம்மை நோக்கித் திருப்பியிருந்த சாமர்த்தியத்தை வழிகாட்டிப் பெண் விளக்கிக்கொண்டிருக்க, பெரியப்பாவின் ஆட்காட்டி விரலோ சுவரில் எதையோ தேடிக்கொண்டிருந்தது.

"தம்பி, உது மூலமோ, பிரதியோ?"

பிரதிதான் என்றேன். 2016 டிசம்பரில் திறக்கப்பட்டது, லேசர் கருவிகளால் அங்குலம் அங்குலமாக அளந்து, ஓவியர்கள் கையால் தீட்டியது என்று சமாதானமும் சொன்னேன். மூலம் எங்கே என்று கேட்டார். மேலே குன்றில், பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கிறது என்றேன். அவர் முகம், பத்திரம் இல்லாத வளவுக்கு முற்பணம் கொடுத்தவர் முகமாகிவிட்டது.

நிலைமையைக் காப்பாற்றியது வழிகாட்டிதான். பெரியப்பாவின் கேள்விகளை நான் மொழிபெயர்க்க, அவர் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாக விடை சொன்னார். மூலக் குகை 1948இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது; நாளொன்றுக்கு ஆயிரம் பேருக்கும் மேல் போய் மூச்சு விட்டதில் கரியமில வாயுவும் ஈரமும் கூடிச் சுவரில் பச்சைப் பாசி படர்ந்தது; 1963இல் பண்பாட்டு அமைச்சர் ஆந்த்ரே மல்ரோ கதவை மூடச் சொல்லிவிட்டார். இரண்டாவது லஸ்கோ 1983 முதல் அதே குன்றில் இருக்கிறது. மூன்றாவது நாடு நாடாகச் சுற்றுகின்ற கண்காட்சி. நாங்கள் நின்றது நான்காவதில். பிரதிகளுக்கு வரிசை எண் இட்டிருக்கிறார்கள் என்று கேட்டதும் பெரியப்பாவின் நெற்றிச் சுருக்கம் தளர்ந்தது. மூச்சு விவகாரத்திலும் அவருக்கு உடன்பாடுதான். கந்தோரில் ஒருவர் வெற்றிலை குதப்பியபடி ஒல்லாந்தர் காலத்துத் தோம்பு, அதாவது காணிப் பதிவேடு, ஒன்றின்மேல் தும்மிவிட்ட பழைய சம்பவத்தை அவர் விவரிக்க, அதைப் பிரெஞ்சில் சொல்வதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. "மூலத்தைப் பூட்டிவைச்சு, பிரதியைக் குடுக்கிறதுதான் முறை" என்று தீர்ப்பும் வந்தது. அந்த ஓவியங்களை வரைந்த ஆதிமனிதர்கள் பெரும்பாலும் கலைமானைத்தான் தின்றார்கள் என்று குகையில் கிடைத்த எலும்புகள் சொல்ல, சுவரிலோ ஒரேயொரு கலைமான்தான் இருக்கக்கூடும் என்கிறார்களாம். தினமும் தின்பதை யார் படம் வரைவார்கள், நாங்கள் புட்டை வரைந்தோமா என்று கேட்டார் பெரியப்பா. ஆய்வாளர்கள் இந்தக் கோணத்தையும் கவனிக்கலாம்.

சார்லா ஊரின் பழைய கல் வீடுகளையும் சந்துகளையும் இவ்வளவு சீராகக் காப்பாற்றி வைத்திருப்பதற்கும் அதே மல்ரோவின் 1962ஆம் ஆண்டுச் சட்டம்தான் காரணம் என்பதால், அந்த மனிதர்மேல் பெரியப்பாவுக்கு மரியாதை கூடிவிட்டது. முன்னாளில் வாத்துச் சந்தை கூடிய சிறு சதுக்கத்தில் மூன்று வெண்கலப் பெருவாத்துகள் நிற்கின்றன. பயணிகள் வரிசையில் நின்று அவற்றின் முதுகைத் தடவிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சுற்றிலும் இருந்த கடைகளில் வாத்தின் ஈரலும் கொழுப்பில் பொரித்த கால்களும் தகரப் பேணிகளில் கூரை முட்ட அடுக்கியிருந்ததைப் பார்த்த பெரியப்பா, "பிரதி வெளியிலை, மூலமெல்லாம் பேணிக்குள்ளை" என்றார். இந்த ஊரைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதிவிட முடியாது.

அன்று வெள்ளிக்கிழமை என்பதுதான் சிக்கல். பெரியப்பா வெள்ளிக்கிழமைகளில் சுத்த சைவம். கட்டுச்சாதம் தீர்ந்துபோயிருந்தது. பிற்பகல் இரண்டு மணி தாண்டினால் நாட்டுப்புற பிரான்சில் சமையற்கட்டுகள் ஈவிரக்கமின்றி மூடப்பட்டுவிடும் என்பதால், கண்ணில் பட்ட ஓர் உணவகத்துக்குள் அடித்துப்பிடித்து நுழைந்து, இறைச்சியே கூடாது என்று என் மனைவி தெள்ளத் தெளிவான பிரெஞ்சில் இரண்டு தடவை சொல்லி ஒரு பச்சடிக்குச் சொன்னாள். வந்த தட்டில் கீரையும் அக்ரோட்டும் தக்காளியும் அழகாக இருந்தன. அவற்றின்மேல் பழுப்பு நிறத்தில், விரல் நகம் அளவில், இளஞ்சூட்டுடன் எண்ணெய் மினுங்க ஏதோ துண்டுகள் தூவப்பட்டிருந்தன. காளான்தான் என்று நானும், கத்தரிக்காய் வாடகமாக்கும் என்று மனைவியும் ஊகித்தோம். பெரியப்பா ஒன்றைக் கரண்டியில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது காளானுக்குப் பிரதி" என்று தட்டை என் பக்கம் தள்ளினார். பரிமாறிய இளைஞரிடம் கேட்டால், அது வாத்தின் இரைப்பை என்றும், எங்களுக்காகவே பன்றி இறைச்சியைத் தவிர்க்கச் சொன்னதாகவும், வாத்து இல்லாமல் பெரிகோர்ப் பச்சடி எப்படி ஆகும் என்றும் உண்மையான வருத்தத்தோடு கேட்டார். அவரோடு வாதாடுவதற்கு எங்களிடம் ஒன்றும் இல்லை. பெரியப்பா பாணும் அக்ரோட்டும் தின்று அந்த வெள்ளியைக் கடத்தினார். இரைப்பை உண்மையில் நன்றாகவே இருந்தது என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

பயணத்தின் உச்சம் ரூஃபினியாக் குகை. லஸ்கோவைப் போலக் கண்ணாடிக் கட்டடம் கிடையாது. காட்டுக்குள் ஒரு வாய், அதற்குள்ளே ஒரு சிறிய மின்சார ரயில். பாதையின் இருபக்கமும் தரையில் வட்ட வட்டமாகப் பள்ளங்கள் தெரிந்தன. குகைக் கரடிகள் குளிர்காலத்தில் சுருண்டு படுப்பதற்காகத் தோண்டிய படுக்கைகளாம். சுவர்களில் அவற்றின் நகக் கீறல்கள் இன்னும் கூர்மையாக இருக்கின்றன. வழிகாட்டி ஓரிடத்தில் வண்டியை நிறுத்தி விளக்கைச் சாய்த்துப் பிடித்தபோது, கறுப்புக் கோட்டில், மயிர் அடர்ந்த நெற்றியும் வளைந்த தந்தமும் குறும்பு பிடித்த சின்னக் கண்ணுமாக ஒரு மம்மத் யானை எங்களைப் பார்த்தது. இந்தக் குகையில் இப்படி நூற்றைம்பதுக்கும் மேல் இருக்கின்றன. பெரியப்பா வழக்கமான கேள்வியைக் கேட்குமுன்பே, "மூலம், பெரியப்பா" என்றேன்.

அவர் நம்பவில்லை. அதற்குக் காரணமும் இருந்தது. குகையின் விதானத்தில் ஓவியங்களோடு ஓவியமாக, பழைய காலத்துப் பயணிகள் விளக்குப் புகையால் தங்கள் பெயர்களைத் திகதியோடு எழுதி வைத்திருந்தார்கள். சில பெயர்கள் யானைகளின் முதுகின் மேலேயே போயிருந்தன. காணி உறுதியில் இப்படிக் கிறுக்கியிருந்தால் ஏற்பாரா? ஆனால் அவருடைய சந்தேகத்துக்கு இங்கே பெரிய முன்னோடிகளே இருந்திருக்கிறார்கள். 1956இல் இந்த ஓவியங்கள் தொன்மையானவை என்று அறிவிக்கப்பட்டபோது, அண்மையில் யாரோ கீறிய போலி என்று குகை ஆர்வலர்கள் சிலர் கிளம்ப, அருட்தந்தை ஆன்றி ப்ரெய் போன்ற மூத்த அறிஞர்கள் மெய் என்று சொல்ல, பத்திரிகைகள் அதை மம்மத் யுத்தம் என்றே எழுதின. கடைசியில் நிபுணர்கள் நேரில் வந்து பார்த்து மெய்தான் என்றார்கள். இதெல்லாம் பெரியப்பாவை அசைக்கவில்லை. நிபுணர்கள் பலரை அவர் பார்த்திருக்கிறார். ஆனால் 1575இல் அச்சான ஒரு நூலிலேயே இந்தக் குகையில் ஓவியங்கள் இருப்பதாகக் குறிப்பு உண்டு என்று வழிகாட்டி சொன்னதும், அவர் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நானூறு வருசத்துக்கு முந்தின எழுத்து ஆவணம் இருக்கு. பேருக்கு அடியிலை கோடு போகுது, அப்ப கோடுதான் முந்தினது. இதுக்குப் பிறகு என்ன வழக்கு?" என்று, ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன் முடிந்துபோன யுத்தத்தை அவர் தன் பங்குக்கு மீண்டும் ஒருமுறை முடித்துவைத்தார். இருட்டுக்குள் என் மகன் கைதட்டினான்.

பக்கத்து மாவட்டமான லொத்தில் உள்ள பதிராக் பாதாளக் கிணற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1889இல் குகை ஆய்வாளர் எதுவார் அல்ஃபிரெத் மர்தெல் இறங்கிப் பார்த்த அந்தப் பெருங்குழியில், நிலத்துக்குக் கீழே நூறு மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் ஓடுகின்ற ஆற்றில் படகில் போனோம். தண்ணீருக்குப் பிரதி எடுக்க முடியாது என்பதால் பெரியப்பா வாய் திறக்கவில்லை. நாங்களும் நிம்மதியாக இருந்தோம்.

செங்குத்துப் பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கிற ரொக்கமதூரில், அடியார்கள் முழங்காலில் ஏறுகின்ற 216 படிகளை அவர் மெச்சினார். நல்லூரில் அங்கப்பிரதட்சணம் செய்தவருக்கு அது புதிதாகப் படவில்லை. பாதி வழியில் மின்தூக்கி இருப்பதைக் கண்டு முகம் சுளித்துவிட்டு அதில் ஏறினார். மேலே, கருநிற மரியன்னையைத் தரிசித்து வெளியே வந்து, பாறையில் செருகியிருக்க வேண்டிய துரந்தால் வாளைத் தேடினோம். ரோலான் என்ற வீரன் ஸ்பெயின் எல்லை மலையிலிருந்து வீசிய வாள் இத்தனை தொலைவு பறந்து வந்து குத்தி நின்றது என்பது ஊர்க்கதை. மூல வாளை 1183இல் ஓர் ஆங்கில இளவரசன் கோயிலைக் கொள்ளையடித்தபோது எடுத்துப் போனான் என்பதும் கதைதான். அதற்குப் பிறகு நெடுங்காலம் இருந்தது வெறும் தகரப் பிரதி. அதையும் 2024 ஜூனில் யாரோ களவெடுத்துவிட்டார்கள். பெரியப்பா வெறும் பாறையை நெடுநேரம் பார்த்தார்.

"பிரதியைக் களவெடுத்தவன்மேலே என்ன பிரிவிலை வழக்குப் போடுவாங்கள்?"

யாருக்கும் தெரியவில்லை. கீழே நினைவுப்பொருள் கடையில் என் மகனுக்கு ஒரு மரவாள் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பற்றுச்சீட்டுக் கேட்டார். பிரான்சில் 2023 ஆகஸ்ட் முதல், கேட்டால் ஒழியப் பற்றுச்சீட்டை அச்சிடுவதில்லை. அவர் கேட்பதற்குள் கணக்கை முடித்துவிட்ட கடைக்காரப் பெண், திரும்ப ஒன்றை அச்சிட்டு நீட்டினார். அதன் தலையில் கொட்டை எழுத்தில் 'துப்ளிகாதா' என்று இருந்தது. பெரியப்பாவுக்குப் பிரெஞ்சு தெரியாவிட்டாலும் அது புரிந்துவிட்டது. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, சீட்டின் பின்புறத்தில் 'உண்மைப் பிரதி' என்று தமிழில் எழுதி, அதன் கீழே கையொப்பமிடும்படி அந்தப் பெண்ணிடமே நீட்டினார். அவரும் என்ன ஏது என்று கேட்காமல், மிக அழகாக ஒப்பமிட்டுத் திகதியும் போட்டுக் கொடுத்தார்.