காட்டேரியில் எரியும், கல்லாறில் அணையும்

டேஷ்போர்டில் ஒரு விளக்கு தொடர்ந்து எரிகிறதென்றால் ஆட்டோ எலக்ட்ரீஷியனுக்கு அது பெரிய வேலையே இல்லை. மல்டிமீட்டரை வைத்துத் தொட்டுக்கொண்டே போனால் எங்காவது ஓரிடத்தில் பிடிபட்டுவிடும். விட்டுவிட்டு எரிகிறதுதான் ஆளைச் சோதிக்கும். ஷெட்டுக்குள் வந்ததும் வண்டி சமர்த்தாக நிற்கும். டிரைவர் மட்டும் சத்தியம் பண்ணிக்கொண்டிருப்பார்.

மேட்டுப்பாளையத்தில் ஷெட் என்பதால் என்னிடம் வருவதில் பாதி, மலை ஏறி இறங்குகிற பிக்கப் வண்டிகள். ஊட்டிப் பக்கத்திலிருந்து கேரட், பீட்ரூட், உருளைக்கிழங்கு ஏற்றிக்கொண்டு இங்கே மண்டிக்கு வருகிறவை. அப்படி ஒரு வண்டியை ஓட்டுகிற தம்பி வந்து நின்றான்.

"பிரேக் வார்னிங் லைட்டுங்ணா. சிவப்பா வருதுல்ல, அது. ஏற்கெனவே ரெண்டு மூணு பேரு பாத்துட்டாங்க. ஒருத்தரு ஹேண்ட்பிரேக் சுவிட்சுன்னாரு, இன்னொருத்தரு மீட்டரே போச்சுன்னாரு."

"எப்பெப்ப எரியுது?"

"லோடோட இறங்கறப்பத்தானுங்ணா. காட்டேரி பார்க் தாண்டுனா மினுக்க ஆரம்பிக்கும். கல்லாறு வந்தா அணைஞ்சுரும். ஏத்தத்துல ஒரு நாளும் வந்ததில்லீங்."

காட்டேரி பார்க் மலை மேலே, குன்னூர் பக்கம்; கல்லாறு அடிவாரம். இந்தப் பதிலிலேயே பாதி வேலை முடிந்திருந்தது. வயர் லூசாக இருந்தால் அதற்கு ஏற்றமும் தெரியாது, இறக்கமும் தெரியாது. குழியில் விழுந்தால் மினுக்கும், அன்னூர் ரோட்டில் சமதரையில் போனாலும் மினுக்கும். இது சரிவைப் பார்த்து எரிகிறது. முன்னால் பார்த்தவர்கள் இதைக் கேட்டிருக்க மாட்டார்கள். வண்டியைப் பார்க்கும் அவசரத்தில் டிரைவரிடம் பேசுவதில்லை, எங்கள் தொழிலில் இது பொதுவான வியாதி.

இந்த வண்டியில் அந்த விளக்கு எரிய இரண்டே வழி. ஒன்று, ஹேண்ட்பிரேக் லிவருக்கு அடியில் இருக்கிற சுவிட்ச். இரண்டு, பிரேக் ஆயில் டப்பாவுக்குள் இருக்கிற மிதவை. ஆயில் குறைந்து மிதவை இறங்கினால் அதிலுள்ள காந்தம் அடியில் இருக்கும் ரீட் சுவிட்சைச் சேர்த்துவிடும். இரண்டில் எது எர்த் கொடுத்தாலும் விளக்கு எரியும். சாவியைத் திருப்பி ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். எரிய வேண்டிய விளக்கு எரியவில்லை. லிவரின் கவரைக் கழற்றினால், சுவிட்ச் வயரை யாரோ வெட்டி, முனையில் கறுப்பு டேப் சுற்றி, அழகாக மடித்து உள்ளே செருகியிருந்தார்கள். விளக்கு எரிகிறதென்று வந்தவனுக்கு விளக்கு எரியாமல் இருக்கச் செய்த வைத்தியம். ஆனால் எனக்கு ஒரு லாபம். அந்த வழி அடைபட்டுவிட்டதால் மிச்சம் இருப்பது மிதவை மட்டும்.

பானட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஆயில் மட்டம் மினிமம் கோட்டுக்கு மேலே ஒரு நூல் அளவு. மிதவை சுவிட்சுக்குப் போகிற வயரின் கப்ளரைக் கழற்றி, அதிலுள்ள இரண்டு கம்பி முனையையும் ஒரு துண்டு வயரால் சேர்த்தபோது விளக்கு பளிச்சென்று எரிந்தது, எடுத்ததும் அணைந்தது. வயரிங்கும் மீட்டரும் சுத்தம். அடுத்து, மலையை ஷெட்டுக்குக் கொண்டுவர வேண்டும். எங்கள் வாசலில் நல்ல சரிவு உண்டு. வண்டியை ரிவர்ஸில் மேலே ஏற்றி, மூக்கு ரோட்டைப் பார்க்கிற மாதிரி நிறுத்தி, கியர் போட்டு, முன்சக்கரத்துக்குக் கல் வைத்தேன். சாவியைத் திருப்பிக்கொண்டு பாடியை இரண்டு ஆட்டு ஆட்டச் சொன்னேன். சிவப்பு மினுக்கியது. இந்த மாடலில் மிதவை டப்பாவின் பின்பகுதியில் இருக்கிறது. மூக்கு சாய்ந்தால் ஆயில் முன்னால் ஓடிவிடும், மிதவை இறங்கிவிடும். கல்லாறில் ரோடு மட்டமானதும் ஆயிலும் திரும்பி வந்துவிடும்.

"அப்ப கொஞ்சம் ஆயில் ஊத்திட்டா போதுமுங்களா?" என்றான்.

"இதுக்கு முன்னால ஊத்திருக்கியா?"

"அப்பப்ப ஊத்துவனுங்ணா. போன வாரங்கூட."

இங்கேதான் நான் ஸ்பானரை எடுத்தேன். பிரேக் ஆயில் இன்ஜின் ஆயில் மாதிரி எரிந்து குறைகிற சாமான் இல்லை. அடைத்த குழாய்க்குள் இருப்பது. மட்டம் இறங்கினால் ஒன்று சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிற பேடும் லைனிங்கும் தேய்ந்திருக்க வேண்டும், இல்லை எங்கோ கசிய வேண்டும். பேடு தேய்ந்து குறைவது மெதுவாக, மாதக்கணக்கில் நடக்கும். அப்பப்ப ஊற்றுகிற அளவுக்கு வந்துவிட்டால் அது கசிவுதான். முன்பக்க டிஸ்க் பேடு நல்ல கனத்தோடு இருந்தது. தரையில் ஒரு சொட்டுகூட இல்லை.

பின்பக்க டிரம்மில் கசிந்தால் தரைக்கு எளிதில் வராது. பக்கத்து ஷெட் மெக்கானிக் அண்ணனைக் கூப்பிட்டு இடது பின்சக்கரத்தைக் கழற்றினோம். டிரம்மை இழுத்ததும், லைனிங் தூளும் ஆயிலும் கலந்து மை மாதிரி ஒரு குழம்பு. பிரேக் ஷூவைத் தள்ளுகிற வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை விரலால் விலக்கியதும் உள்ளிருந்து ஆயில் வழிந்தது. காலி வண்டியில் லோடு சென்சிங் வால்வு பின்சக்கரத்துக்குப் போகிற பிரஷரைக் குறைத்துவிடும். லோடு ஏற்றினால்தான் திறந்துவிடும். ஆக, மூட்டை ஏற்றி, இறக்கத்தில் பிரேக்கை மிதிக்கும்போதுதான் சிலிண்டருக்குள் ஆயிலை அடைத்து நிற்கிற அந்தத் தேய்ந்த ரப்பர் கப்புக்கு முழு அழுத்தமும் வந்திருக்கிறது. மண்டியில் இறக்கிவிட்டு வெறும் வண்டியாக என்னிடம் வந்தால் எதுவும் தெரியாது.

பின்பக்கம் முழுதாகப் போயிருந்தால் முன்பக்கம் மட்டும் பிடிக்கும். இரண்டும் தனித்தனி சர்க்யூட். ஆனால் குன்னூரிலிருந்து கீழே வர 14 கொண்டை ஊசி வளைவு. லோடோடு முன்பக்கம் மட்டுமே பிடித்துக்கொண்டு இறங்கினால் டிஸ்க் கொதிக்கும், ஆயிலும் கொதிக்கும். டாட் 3 என்கிற தரத்து பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிக்காமல் 205 டிகிரி தாங்க வேண்டும் என்பது கணக்கு. ஈரம் இழுத்துப் பழசானால் அது 140 வரை இறங்கிவிடும். கொதித்துக் குமிழி விட்டால் பெடல் பஞ்சாகப் போய்விடும். செகண்ட் கியரில் இறங்கச் சொல்லிப் போர்டு வைத்திருப்பது சும்மா இல்லை.

முதலாளிக்கு போன் போட்டோம். "ஏனுங்க, லைட் பாக்கச் சொன்னா டிரம்ம கழட்டிட்டீங்களா? அந்த லைட்ட மட்டும் நிறுத்திக் குடுங்க" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஒரு நாள் வண்டி நின்றால் ஒரு நாள் வாடகை போச்சு. நான் பேசவில்லை, கழற்றிய, லைனிங் ஒட்டிய பிரேக் ஷூவைப் படம் எடுத்து அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் "செஞ்சுருங்க" என்று பதில் வந்தது.

ஆயில் குடித்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். சூடானதும் உள்ளே ஊறியது மறுபடி வெளியே வரும். இரண்டு பக்கமும் புது ஷூ, இரண்டு வீல் சிலிண்டர். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி இழுக்கும். தூரத்தில் இருக்கிற இடது பின்சக்கரத்தில் தொடங்கி, குழாயில் சிக்கிய ஏரை எடுத்து, பழைய ஆயிலை முழுக்க வெளியேற்றினார் அண்ணன். நான் ஹேண்ட்பிரேக் வயரைத் தேடிப் பிடித்து ஒட்டவைத்தேன். வாசல் சரிவில் நிறுத்தி ஆட்டிப் பார்த்தபோது விளக்கு வரவில்லை. அடுத்த லோடிலும் வரவில்லை என்று தம்பி சொன்னான்.

முதலாளிதான் மறுபடி கூப்பிட்டார். "இவ்ளோ காசு வாங்கிட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்தா லைட் எரியுதுங்கறானே?"

"எரியோணுங்க."

"இத்தன நாளா எரியலீங்களே?"

வயர் கதையைச் சொன்னேன். யார் வெட்டியது என்று கேட்டார். அது எனக்கெப்படித் தெரியும்? "சரி, லைனிங் பில்ல தனியா வாட்ஸ்அப்ல போடுங்க" என்றார். போட்டேன்.