மாத்திரை அட்டையைக் கேட்காமல் எடுத்த ரத்தப் பரிசோதனையும் மதுரை அலைச்சலும்

எனக்கு மாதவிலக்கு நாற்பது, ஐம்பது நாளுக்கு ஒருமுறை வருவது வழக்கமாகிவிட்டிருந்தது. எங்கள் ஊரான தங்கச்சிமடத்தில் நாள் தள்ளினாலே "விசேஷமா?" என்று கேட்க ஆள் இருப்பதால், இராமநாதபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். கர்ப்பம் இல்லை என்று உறுதியானதும், ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனும், புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு பெண் ஹார்மோனைப்போல வேலை செய்யும் புரோஜெஸ்டின் வகை மருந்தும் கலந்த 21 மாத்திரை அட்டை ஒன்றைத் தந்தார்கள்.

சிக்கல் ரத்தப் பரிசோதனையில்தான் தொடங்கியது. அட்டை பாதி முடிந்திருந்த நேரத்தில், அங்கிருந்த வேறொரு மருத்துவர் சினைப்பையை இயக்கும் எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களையும் பார்க்கச் சொன்னார். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பதை ரத்தம் எடுத்த தம்பியிடம் நான் சொல்லவே செய்தேன். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுக்கா, கையை நீட்டுங்க" என்றார். கடைசி மாதவிலக்குத் தேதியை எழுத வேண்டிய கட்டம் காலியாகவே ஆய்வகத்துக்குப் போனது. இரண்டு அளவும் மிகக் குறைவு என்று முடிவு வந்ததும், அவற்றைச் சுரக்கும், மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி இருக்கக்கூடும், மதுரையில் எம்.ஆர்.ஐ. எடுத்து வாருங்கள் என்றார்கள். மூளைக்கட்டி என்ற சொல் காதில் விழுந்த அன்று என் மாமியார் உலை வைக்கவில்லை.

விடிவதற்கு முன் பேருந்து பிடித்து மதுரை போய்ச் சேர்ந்தால், சாய ஊசி போடுவதற்கு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை முடிவு வேண்டும், அது இல்லாமல் எடுக்க முடியாது என்று ஸ்கேன் மையத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். முன்பதிவு செய்தபோது தொலைபேசியில் யாரும் அதைச் சொல்லவில்லை. அடுத்த முறை அந்தத் தாளோடு போனபோது, தாலியைக் கழற்ற வேண்டும் என்றார்கள். வெறுங்கழுத்தோடு உள்ளே போகக் கூடாது என்று மாமியார் பிடிவாதமாக நிற்க, கணவர் எதிர்க் கடையில் மஞ்சள் கயிறு வாங்கி வந்து, அந்த வராந்தாவிலேயே கட்டினார். ஸ்கேனில் ஒரு குறையும் இல்லை.

அதைக் கொண்டுபோய்க் காட்டிய ஹார்மோன் மருத்துவர் படத்தை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. "என்ன மாத்திரை சாப்பிடுறீங்கம்மா, அட்டையைக் காட்டுங்க" என்றார். பிறகு அவர் பொறுமையாக விளக்கியதை இங்கே எழுதுவது என்னைப்போல் அலைபவர்களுக்கு உதவும். மூளையின் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி, ஜி.என்.ஆர்.எச். என்ற ஹார்மோனை விட்டுவிட்டு, துடிப்புத் துடிப்பாக அனுப்புகிறது. அதைப் பெற்றுத்தான் பிட்யூட்டரி எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டையும் சுரக்கிறது. சினைப்பையில் உருவாகும் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் ரத்தத்தின் வழியே திரும்பி வந்து அந்தத் துடிப்பை அடக்குகின்றன. ஜி.என்.ஆர்.எச். நரம்பணுக்களில் ஈஸ்ட்ரோஜன் வந்து ஒட்டி வேலை செய்யும் முதன்மை ஏற்பி இல்லாததால், கிஸ்பெப்டின் என்ற பொருளைச் சுரக்கும் பக்கத்து நரம்பணுக்கள்தான் ஈஸ்ட்ரோஜனின் அளவை அறிந்து சேதி சொல்கின்றன. சுழற்சியின் நடுவில் மட்டும் ஈஸ்ட்ரோஜன் ஏறத்தாழ இரண்டு நாள் உச்சத்தில் நீடித்தால் அதே ஹார்மோன் எதிர்வேலை செய்து, எல்.எச்.-ஐப் பீறிடச் செய்து கருமுட்டையை வெளியேற்றுகிறது. அந்த மாத்திரையில் இருப்பவை இதே வகை ஹார்மோன்கள் என்பதால், கடையில் இருப்பு நிறைந்திருக்கும்போது புதிய சரக்குக்குச் சொல்லிவிடாத கடைக்காரரைப்போல மூளை தன் கட்டளையைக் குறைத்துக்கொண்டது. ஆய்வக எண் தாழ்ந்ததற்கு அதுவே காரணம். சுருக்கமாகச் சொன்னால், மாத்திரை சரியாக வேலை செய்ததற்கான சான்றைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் கட்டியைத் தேடியிருக்கிறோம்.

மாத்திரையை நிறுத்தி, மூன்று மாதம் இடைவெளி விட்டு, மாதவிலக்கின் மூன்றாம் நாள் காலையில் மீண்டும் ரத்தம் கொடுத்தேன். இம்முறை எல்.எச். ஏறியிருந்தது, மற்றப் பரிசோதனைகளையும் சேர்த்துப் பார்த்து, கருமுட்டை வெளியேறுவதையும் ஹார்மோன் சமநிலையையும் குலைக்கும் பி.சி.ஓ.எஸ். என்ற கோளாறு என்றார். கருமுட்டை ஒழுங்காக வெளியேறாதபோது புரோஜெஸ்டிரோன் போதிய அளவு வருவதில்லை. துடிப்பைத் தணிக்க வேண்டியது அதுதான். ஆண் ஹார்மோன் மிகுந்தால், இருக்கிற புரோஜெஸ்டிரோனுக்கும் மூளை சரிவர அடங்குவதில்லை. துடிப்பு விரைந்தால் எல்.எச். கூடும்.

பரிசோதனைக்குப் போகிறவர்கள் கடைசி மாதவிலக்குத் தேதியையும் சாப்பிடும் மாத்திரையின் பெயரையும் தாங்களே படிவத்தில் எழுதி, அதைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். 21ஆம் நாள் புரோஜெஸ்டிரோன் என்று எழுதிக் கொடுத்தால் கேள்வி கேளுங்கள். அது 28 நாள் சுழற்சிக்கான கணக்கு. நீண்ட சுழற்சி உள்ளவர்களுக்கு அடுத்த மாதவிலக்கை எதிர்பார்க்கும் நாளுக்கு ஏழு நாள் முன்னால்தான் அது பொருள்படும். முடிக்காக பயோட்டின் மாத்திரை எடுப்பவர்கள் அதையும் சொல்லிவிட வேண்டும். சில ஆய்வக முறைகளில் அது ஹார்மோன் அளவையே தவறாகக் காட்டும்.

இப்போது ஹார்மோன் மருத்துவர் லெட்ரோசோல் என்ற மாத்திரையை எழுதியிருக்கிறார். அது ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியைக் குறைப்பதால், மூளை அடக்கத்தைத் தளர்த்தி எஃப்.எஸ்.எச்.-ஐக் கூட்டும், முட்டை வளரும். வாங்கப் போன என் கணவரிடம் மருந்துக் கடையில், "இது மார்புப் புற்றுநோய் மாத்திரையாச்சே, யாருக்குண்ணே?" என்று கூட்டத்தின் நடுவே கேட்டிருக்கிறார்கள். அந்த மருந்து அதற்கும் பயன்படுவது உண்மைதான். அவர் வாங்காமலே திரும்பி வந்துவிட்டார். மருத்துவரிடம் பேசி, இன்ன காரணத்துக்கு என்று சீட்டிலேயே எழுதி வாங்கி, மறுநாள் நானே போய் வாங்கி வந்தேன்.