மகளைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றுவதற்கு முன்பு கழிந்த ஐந்து வாரங்கள்

அப்போது என் மகளுக்கு ஒன்பது வயது, எடை 22 கிலோ. பெருமூளை வாதம் அவளுடைய இரண்டு கால்களையும் இடுப்பையும் இறுக்கி வைத்திருக்கிறதே தவிர, பேச்சும் படிப்பும் அவள் வயதுப் பிள்ளைகளைப் போலவே இருக்கின்றன. மூன்றாம் வகுப்பு முடியும் வரை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு நானே பள்ளிக்கு அழைத்துச் சென்றேன். என் வேலை நேரம் மாறியபோதுதான் பள்ளிப் பேருந்தைப் பற்றி யோசிக்க வேண்டி வந்தது.

பள்ளி நிர்வாகம் முதலில் மறுத்தது. கடுமையாக அல்ல, “எங்களிடம் அதற்கான வசதி இல்லையே அம்மா” என்று மென்மையாகத்தான். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 16ஆம் பிரிவு, அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் இத்தகைய குழந்தைகளுக்கும், அதிக உதவி தேவைப்படும் குழந்தையின் உதவியாளருக்கும் போக்குவரத்து வசதி தர அரசு முயல வேண்டும் என்கிறது. ‘முயல வேண்டும்’ என்ற அந்தச் சொல்லை மட்டும் நம்பிச் சண்டைக்குப் போனால் ஓர் ஆண்டு ஓடிவிடும் என்று எனக்குப் பட்டது. 2012 ஜூலையில் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தளத்திலிருந்த ஓட்டை வழியே ஒரு சிறுமி விழுந்து இறந்த பிறகு வந்த சிறப்பு விதிகளின்படி, பெற்றோர் பிரதிநிதியும் இடம்பெறும் போக்குவரத்துக் குழு பள்ளியில் இருந்தது. அந்தக் குழுவுக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதி, பேருந்தை நேரில் பார்க்க ஒரு சனிக்கிழமை மட்டும் அனுமதி கேட்டேன். அது கிடைத்தது.

அன்று அவளுடைய இயன்முறை மருத்துவரையும் அழைத்துச் சென்றேன். மூன்று படிகளில் அவளை எப்படி ஏற்றுவது என்பதே என் கவலையாக இருந்தது. மருத்துவரோ படிகளைப் பார்க்காமல் இருக்கையைப் பார்த்தார். கால் தரையில் எட்டாமல் தொங்கினால் அவள் உடல் விறைத்து முன்னோக்கி நழுவும், அப்போது இடுப்பு எலும்பில் இருக்க வேண்டிய இருக்கைப் பட்டை (சீட் பெல்ட்) வயிற்றுக்கு ஏறிவிடும், வண்டி திடீரென நின்றால் அதே பட்டை குடலை நசுக்கும் என்று அவர் காட்டியபோது, அதுவரை ஆட்டோவில் நான் செய்துகொண்டிருந்ததை நினைத்து வாயடைத்துப்போனேன். காலுக்கு ஒரு மரப்பெட்டி, முதுகுக்குக் கெட்டியான நுரைப்பலகை, நழுவாத விரிப்பு ஆகியவற்றை அவர் எழுதிக் கொடுத்தார். மெத்தென்ற தலையணை கூடாது என்றார்; அழுத்தத்தில் அது அமுங்கிப் பட்டை தளர்ந்துவிடுமாம். சக்கர நாற்காலியில் அவளைச் சாயாமல் பிடித்துக்கொள்ளும் மார்புப் பட்டை உட்காரும் நிலைக்கானது, விபத்தைத் தாங்குவதற்கானது அல்ல என்பதும் அன்றுதான் தெரிந்தது.

சக்கர நாற்காலியோடு ஏற்றி, நான்கு மூலைகளிலும் பட்டையால் தளத்தோடு பிணைத்து, அவளுக்குத் தனியாகப் பட்டை போடுவதுதான் சரியான முறை. அதற்கு நாற்காலியை மேலேற்றும் லிஃப்டும் தளத்தில் கொக்கிகளும் வேண்டும். பட்டறையில் பற்றவைத்துக் கொள்ளலாம் என்று ஒருவர் சொன்னார். பதிவுச் சான்றிதழுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது என்று போக்குவரத்து மேலாளர் மறுத்தார். அவர் மறுத்தது நியாயமே. எனவே இரு தோள்கள், இடுப்பின் இருபுறம், கால்களுக்கு நடுவே என ஐந்து இடங்களில் பிடிக்கும், இருக்கையின் முதுகைச் சுற்றிக் கட்டும் ஐந்து முனைப் பட்டையை வாங்கினோம். முதல் வரிசைக்கு முன்னால் வெறும் இரும்புக் கம்பி இருந்ததால் இரண்டாவது வரிசையைத் தேர்ந்தெடுத்தோம்.

பெரிய இழுபறி அதன் பிறகுதான் வந்தது. பட்டை சுற்றிய இருக்கைக்குப் பின்னால் பட்டை போடாத பிள்ளைகள் உட்கார்ந்தால், வண்டி திடீரென நிற்கும்போது அவர்கள் முன்னே வந்து மோதும் விசையும் என் மகள் மீதே இறங்கும் என்பதால், அந்த இருக்கை காலியாக இருக்க வேண்டும். கட்டணம் வரும் இரண்டு இடங்களை எந்தப் பள்ளி எளிதில் விட்டுக்கொடுக்கும்? மூன்று கூட்டங்களுக்குப் பிறகு இரு பிள்ளைகளை வேறு தடத்துக்கு மாற்றினார்கள். சக்கர நாற்காலியைப் பேருந்தில் ஏற்றுவதையே கைவிட்டோம். கட்டாமல் கிடக்கும் நாற்காலி மற்றப் பிள்ளைகள் மீது பாயும், நடைபாதையையும் அடைக்கும். பழைய நாற்காலியைப் பழுதுபார்த்துப் பள்ளியிலேயே வைத்தோம்.

ஏற்றி இறக்குவதற்குப் பேருந்து ஆயாவும் நானும் ஒரு வாரம் பழகினோம். இயந்திரத்தை நிறுத்திக் கைத்தடையைப் போட்ட பிறகே தூக்க வேண்டும். ஒருவர் பின்னாலிருந்து அக்குளுக்கடியிலும் மற்றவர் முழங்காலுக்கடியிலும் பிடிக்க வேண்டும். தீப்பிடித்தால் யார் அவளை வெளியே கொண்டுவருவது என்று நான் கேட்டபோது குழுவில் ஒருவர் சிரித்தார். ஓட்டுநர் சிரிக்கவில்லை. பட்டையைக் கழற்றி அவளைப் போர்வையில் கிடத்தி அவசர வழியாக இறக்கும் பயிற்சியை அவரே இரண்டு முறை செய்து பார்த்தார்.

அவளுக்கு எப்போதாவது வலிப்பும் வரும். வண்டியை ஓரங்கட்டிப் பட்டையைத் தளர்த்தி ஒருக்களித்துப் படுக்க வைப்பது, கையில் சாவிக்கொத்தையோ வாயில் கரண்டியையோ திணிக்காமல் இருப்பது, ஐந்து நிமிடம் தாண்டினால் வலிப்புக்குச் சிகிச்சை தரும் மருத்துவர் எழுதிக் கொடுத்த, வலிப்பை நிறுத்தும் மிடசோலம் மூக்குத் தெளிப்பான், உடனே 108 என்று எல்லாவற்றையும் ஒரே அட்டையில் எழுதி, நெகிழி உறையிட்டு, இருக்கைக்கருகே மாட்டினோம். ஆயா விடுப்பில் போன ஒரு நாள் புதிதாக வந்தவர் அந்த அட்டையைப் பார்த்துப் பட்டையைச் சரியாகப் போட்டிருந்தார். தோள்பட்டைக் கொக்கி முறுக்கியிருந்ததை மகளே சொல்லித் திருத்தியிருக்கிறாள்.

இந்த ஜூனில் அட்டையில் எடையை 26 என்று மாற்றி எழுதினேன். இரண்டு பேர் தூக்குவது இனி அதிக நாள் முடியாது என்று ஆயா நேரிடையாகவே சொல்லிவிட்டார். அடுத்து வாங்கும் பேருந்தை லிஃப்டோடு வாங்க எவ்வளவு கூடுதலாகும் என்று விலைப்புள்ளி கேட்கும்படி குழுவுக்கு இரண்டாவது கடிதத்தைக் கொடுத்திருக்கிறேன்.