தப்பான ஆப்ஷன்களில்தான் இருக்கிறது விளையாட்டு

புதையல் வேட்டைக்கோ குழு விளையாட்டுக்கோ க்விஸ் தயார் பண்ணுகிறவர்கள் பெரும்பாலும் கேள்வியையும் சரியான விடையையும் பார்த்துப் பார்த்து எழுதிவிட்டு, மீதி ஆப்ஷன்களைக் கடைசி நிமிடத்தில் வாய்க்கு வந்ததைப் போட்டு நிரப்புகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே கிடையாது. கேள்வி எழுதுவது பாதி வேலைகூட இல்லை, தப்பான ஆப்ஷன்களை யோசிப்பதுதான் முழு வேலை. ஏனென்றால் ஒரு டீம் நின்று வாக்குவாதம் பண்ணுவது அவற்றை வைத்துத்தான்.

ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். சூரியக் குடும்பத்திலேயே அதிக வெப்பமான கோள் எது? புதன், வெள்ளி, செவ்வாய், நெப்டியூன். இதில் நெப்டியூன் வீண், அவ்வளவு தள்ளி இருப்பதை யாரும் தொடக்கூட மாட்டார்கள். புதன் அருமையான தப்பு விடை. சூரியனுக்கு மிக அருகில் இருப்பதால் பலருடைய கை நேராக அங்கேதான் போகும். செவ்வாய் சிவப்பாக இருப்பதால் அதற்கும் ஒருத்தர் கிடைப்பார். சரியான விடை வெள்ளி, அதன் அடர்ந்த கார்பன் டை ஆக்சைடு மண்டலம் வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் தரையில் சுமார் 465 டிகிரி செல்சியஸ். "பக்கத்துல இருக்கிறதுதானே சூடா இருக்கும்" என்று ஒருத்தர், "இல்லப்பா, காத்து இல்லாத இடத்துல சூடு எப்படி நிக்கும்" என்று இன்னொருத்தர், இப்படி ஓடும் அந்த ஒன்றிரண்டு நிமிடத்துக்காகத்தான் நாம் கேள்வியே எழுதுகிறோம்.

நெப்டியூனைத் தூக்கிவிட்டால் மூன்றுதான் மிஞ்சும், போதுமா என்று கேட்பார்கள். தாராளமாகப் போதும். மைக்கேல் ரோட்ரிகஸ் என்ற ஆய்வாளர் 80 வருட ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2005-இல் வெளியிட்ட கட்டுரையின் முடிவும் அதுதான், மூன்று ஆப்ஷன் போதும் என்று. உருப்படியான நாலாவது தப்பு விடை கிடைத்தால் வைத்துக்கொள்ளலாம், கிடைக்கவில்லை என்றால் இட்டு நிரப்ப வேண்டாம்.

அப்போது குருட்டாம்போக்கில் அடிப்பவர்களை என்ன செய்வது? மூன்றில் ஒன்று என்றால் 33 சதவீதம் அதிர்ஷ்டத்திலேயே வந்துவிடுமே. இதற்கு ஆப்ஷனைக் கூட்டுவதைவிட கேள்விகளைக் கோத்துவிடுவது நல்லது. ஐந்து கேள்வி, ஒவ்வொன்றுக்கும் மூன்று ஆப்ஷன், ஐந்து விடை எண்களும் சேர்ந்து ஒரு பெட்டியின் பூட்டு எண் என்று வைத்தால் மொத்தம் 243 சேர்க்கை. எந்தக் கேள்வி தப்பு என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. ஒரே ஒரு கேள்வியில் சந்தேகம் உள்ள டீம் மூன்று தடவையில் திறந்துவிடும், அது நியாயம்தான், மற்ற நாலும் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறதே. இரண்டில் சந்தேகம் என்றால் ஒன்பது தடவை வரை போகும். ஒவ்வொரு தப்பு முயற்சிக்கும் இரண்டு நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று ஒரு விதி போட்டால் யாரும் சும்மா திருகிப் பார்க்க மாட்டார்கள்.

இன்னொரு வழி, ஒவ்வொரு ஆப்ஷனும் ஒவ்வொரு இடத்துக்கு அனுப்புவது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், நடந்து போய்த் திரும்புவதே தண்டனை. ஆனால் தப்பான இடத்திலும் "இங்கே இல்லை, திரும்பிப் போய் யோசியுங்கள்" என்று ஒரு சீட்டு கட்டாயம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விடை தப்பா, சீட்டு காற்றில் பறந்துவிட்டதா என்று தெரியாமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருப்பார்கள். வயதானவர்களோ நடக்கச் சிரமப்படுபவர்களோ டீமில் இருந்தால் இந்த முறை வேண்டாம், பூட்டே போதும்.

வெளியிடத்தில் நடக்கும் வேட்டை என்றால் போன் தொல்லை வேறு. மேலே சொன்ன வெள்ளிக் கேள்விக்குப் பத்து நொடியில் தேடிப் பிடித்துவிடுவார்கள். அதனால் அந்த இடத்துக்குப் போனால்தான் தெரியக்கூடிய ஒன்றையும் கொஞ்சம் யோசனையையும் சேர்த்துக் கேட்க வேண்டும். ஒரு கட்டடத்தின் முகப்பில் 1900 என்று பொறித்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "முகப்பில் உள்ள வருடத்தின் பிப்ரவரியில் எத்தனை நாள்?" என்று கேட்டால், முதலில் அந்த எண்ணைத் தேடிப் பார்க்க வேண்டும், அப்புறம் நாலால் வகுபடுகிறதே என்று அவசரப்பட்டு 29 என்று சொல்லத் தோன்றும். நூற்றாண்டு வருடம் 400-ஆல் வகுபட்டால்தான் லீப் வருடம் என்பது யாருக்காவது ஞாபகம் வந்தால் 28 என்று சண்டை ஆரம்பிக்கும்.

எண்ணச் சொல்லும் கேள்விகளில் எதைச் சேர்க்கணும், எதை விடணும் என்று தெளிவாக எழுதிவிடுங்கள். படிக்கட்டு என்றால் மேல்தளமும் ஒரு படியா என்று கண்டிப்பாகக் கேட்பார்கள்.

விடை தானாகக் காட்டிக்கொடுக்கும் இடங்களும் உண்டு. சரியான ஆப்ஷன் மட்டும் நீளமாக, கவனமான வார்த்தைகளில் இருக்கும், கேள்வியே படிக்காமல் அதைத் தொடலாம். கேள்வி எழுதுபவர்கள் சரியான விடையை ஓரங்களில் வைக்காமல் நடுவில் ஒளிக்கிறார்கள் என்று அட்டாலி, பார்-ஹில்லல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2003-இல் எழுதியிருக்கிறார்கள், பதில் சொல்பவர்களும் நடுவைத்தான் தேர்ந்தெடுக்கிறார்களாம். பகடையை உருட்டி இடத்தை முடிவு பண்ணினால் இந்தப் பிரச்சினையே இல்லை. "மேலே உள்ள அனைத்தும்" வேண்டவே வேண்டாம். "இவற்றில் எது இல்லை" வகையும் இரைச்சலான கூட்டத்தில் வேலைக்கு ஆகாது, அந்த "இல்லை" பாதிப் பேர் காதில் விழாது.

எவ்வளவு நல்ல கேள்வி எழுதினாலும் டீமில் சத்தமாகப் பேசுகிற ஒருவர் முதல் நொடியில் விடை சொல்லிவிட்டால் எல்லாம் போச்சு. இதற்கு ஹார்வர்டின் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990-களில் வகுப்பறைக்காக உருவாக்கிய முறையைத் தாராளமாகக் கடன் வாங்கலாம். முதலில் ஒவ்வொருவரும் தனியாக விடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பிறகுதான் பேச்சு, அப்புறம் மறுபடி ஒரு முறை. விளையாட்டில் இன்னும் சுலபம், "மூன்று எண்ணியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் விரல் காட்டுங்கள்" என்றால் போதும். வாயே திறக்காமல் ஓரமாக நிற்பவர் காட்டிய விரல் சரியாக இருந்து, மற்றவர்கள் "எப்படிச் சொல்றீங்க?" என்று அவர் பக்கம் திரும்புவதைப் பார்க்கத் தனி சந்தோஷம்.

கஹூட் மாதிரி க்விஸ் செயலிகளில் வேகமாகத் தொட்டால் பாயிண்ட் அதிகம் என்ற அமைப்பு உண்டு. அரங்கில் கலகலப்புக்குச் சரி, டீம் பேசி முடிவெடுக்க வேண்டிய வேட்டைக்கு அது எதிரி. கூகுள் ஃபார்ம்ஸில் விடையைப் பொறுத்து அடுத்த பகுதிக்கு அனுப்பும் வசதி இருக்கிறது, அதை வைத்தே ஒரு முழு வேட்டையை நடத்திவிடலாம். சிக்னல் கிடைக்காத இடமென்றால் காகிதச் சீட்டுதான்.

கடைசியில் விடைகளைக் காரணத்தோடு படிக்க ஒரு கால் மணி நேரமாவது ஒதுக்குங்கள். யாராவது எழுந்து "எங்க விடையும் சரிதானே" என்பார்கள். கேட்டுப் பாருங்கள், சரியாக இருந்தால் தயங்காமல் அவர்களுக்கும் பாயிண்ட் கொடுத்துவிடுங்கள்.